சுமை ஒருவருடையது, டீசல் செலவு மற்றவருடையது

சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் செங்குன்றத்தைத் தாண்டினால் காரனோடை, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் என ஆந்திர எல்லைவரை சரக்கு வாகனங்களின் வரிசை ஓய்வதில்லை. பெரிய லாரிகளுக்கு இடையே செல்லும் பிக்கப் வாகனங்களை நம்பித்தான் சிப்காட் தொழிற்பேட்டையின் சிறு ஆலைகள் இயங்குகின்றன. முறுக்குக் கம்பி, வார்ப்படம், உதிரிபாகம் என ஒரு டன், ஒன்றரை டன் சரக்கை அவையே சுமக்கின்றன. பல வண்டிகளுக்கு உரிமையாளரே ஓட்டுநர்; வண்டியோ தவணைக் கடனில் வாங்கியது.

அவர் அடுத்த வண்டியை வாங்கும்போது எழும் கேள்வி பழையதுதான். எஞ்சின் வலு கூடியதை வாங்குவதா, டீசல் குறைவாகச் செலவாவதை வாங்குவதா? இதை அனைவரும் தொழில்நுட்பக் கேள்வியாகவே பார்க்கின்றனர். இதன் பெரும்பகுதி பொருளாதாரம் சார்ந்தது என்பது என் கருத்து.

தொழில்நுட்பத்துக்கான விடை இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. இசுஸு நிறுவனத்தின் வாகனங்கள் இந்தியாவில் தொடக்கத்தில் திருவள்ளூரில் உள்ள இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான் பொருத்தப்பட்டன. 2016-இல் எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டியில் அந்நிறுவனம் சொந்த ஆலை தொடங்கியது. அதன் டி-மேக்ஸ் வரிசையில் சரக்கு ஏற்றுவதற்கான வண்டியின் எஞ்சின் 78 குதிரைத்திறன் கொண்டது. சொந்தப் பயணத்துக்கும் மிடுக்குக்கும் வாங்கப்படும் வி-கிராஸ் வண்டிக்கோ 163. பாரம் சுமப்பதற்குப் பாதி வலு போதும் என்று தயாரிப்பாளரே முடிவு செய்திருக்கிறார்.

இதில் முரண் ஏதுமில்லை. சுமையை நிலையிலிருந்து நகர்த்துவது முறுக்குவிசை. அந்த விசையைச் சுழற்சி வேகத்தோடு பெருக்கக் கிடைப்பதே குதிரைத்திறன். குறைந்த சுழற்சியில் போதிய முறுக்குவிசையும் அதற்கேற்ற பல்சக்கர விகிதமும் இருந்தால் சிறிய எஞ்சினும் பாரத்தை இழுக்கும். 2005-இல் வெளிவந்து நம் மக்களிடம் 'குட்டி யானை' எனப் பெயர் பெற்ற டாடா ஏஸ் வெறும் 16 குதிரைத்திறனில்தான் தொடங்கியது. கும்மிடிப்பூண்டியிலிருந்து மாதவரம் வரை மலையும் இல்லை, கணவாயும் இல்லை, கடலோரச் சமவெளிதான். இங்கே கூடுதல் வலு பெரும்பாலும் வேகத்துக்கே செலவாகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 80-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ 78 விழுக்காடு கூடுகிறது.

பணக்கணக்குக்கு வருவோம். 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைக்கப்பட்டபோதும் சென்னையில் டீசல் 92 ரூபாய்க்கு மேல் நின்றது. அந்த விலையில், நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓடும் வண்டி ஒன்றை எண்ணிப் பாருங்கள். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தருவது 10 ஆகக் குறைந்தால், மாதத்துக்கு 62.5 லிட்டர் கூடுதலாகும். அதாவது 5,750 ரூபாய்.

அப்படியானால் சிறிய எஞ்சின் வண்டியை வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஓட்டுநர்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்றேகால் டன்னுக்கு வடிவமைத்த வண்டியில் இரண்டு டன் ஏற்றப்படும்போது, எஞ்சின் கீழ் கியரிலேயே திணறி டீசலைக் கூடுதலாகக் குடிக்கிறது. கிளட்ச் தேய்கிறது, பிரேக் பிடிப்பது தாமதமாகிறது. வலு வேண்டும் என்று அவர் கேட்பது ஆசையால் அன்று, எவ்வளவு ஏற்றப்படும் என்று தெரியாத அச்சத்தால். சுமையை முடிவு செய்பவர் சரக்கு அனுப்பும் நிறுவனத்தார். டீசலுக்குப் பணம் கொடுப்பவர் வண்டிக்காரர். வாடகையோ ஒரு நடைக்கு இவ்வளவு என்று முன்பே பேசப்பட்டது. முடிவெடுப்பவரும் செலவை ஏற்பவரும் வேறு வேறாக இருக்கும் சந்தையில் சிக்கனம் தானாக விளையாது.

எஞ்சின் மேம்பட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் வரலாறு இடம் தரவில்லை. பொருளியல் அறிஞர் கிறிஸ்டோபர் நிட்டல் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்க வாகனங்களின் எடையும் வலுவும் 1980-ஆம் ஆண்டு அளவிலேயே நின்றிருந்தால் 2006-க்குள் எரிபொருள் திறன் ஏறக்குறைய 60 விழுக்காடு உயர்ந்திருக்க முடியும். அந்த ஆதாயத்தின் பெரும்பகுதி எடையாகவும் வேகமாகவும் மாறிவிட்டது. அங்கே இன்று 500 குதிரைத்திறன் டீசல் பிக்கப்புகூட விற்பனையில் உள்ளது. அத்தகைய கனரகப் பிக்கப்புகளுக்கு எரிபொருள் திறனைக் காட்டும் ஒட்டுவில்லை கட்டாயமும் இல்லை.

நம் நிலையும் அதுவே. குளிர்சாதனப் பெட்டிக்கு நட்சத்திரக் குறியீடு ஒட்டுகிறோம். ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரமான பிக்கப், முழுப் பாரத்துடன் லிட்டருக்கு எவ்வளவு தரும் என்பதை விற்பனையகத்தில் எழுதி வைப்பதில்லை. விளம்பரத்தில் காணும் எண் சோதனைச் சூழலில் பெறப்பட்டது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவு, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. ஓட்டுபவர் மட்டுமன்றி ஓட்டச் செய்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் அதில் அடங்குவர். இருந்தும் சாலையில் கைக்கு அகப்படுபவர் ஓட்டுநர் ஒருவரே.

தொழிற்பேட்டையின் வாயில்களில் எடைமேடைச் சீட்டு இல்லாமல் எந்த வண்டியும் வெளியேறக் கூடாது. அந்தச் சீட்டில் சரக்கை ஏற்றிய நிறுவனத்தின் பெயரும் இருக்க வேண்டும். நடை வாடகையை டீசல் விலையோடும் எடையோடும் இணைக்கும் ஒப்பந்தங்களைப் பெரிய நிறுவனங்கள் தம் லாரி ஒப்பந்ததாரர்களுடன் செய்துகொள்வது புதிதன்று. ஒற்றை வண்டிக்காரருக்கும் அதை விரிவாக்க, மாவட்டத் தொழில் மையமும் வாகன உரிமையாளர் சங்கங்களும் ஒரு மாதிரி ஒப்பந்தப் படிவத்தை உருவாக்கலாம். அதற்கு ஒரு பக்கம் போதும்.