வித்தவங்களே வாங்கின டவர்!

உங்க ஹாஸ்டல் சீனியர் அண்ணன் தன்னோட பைக்கை உங்களுக்கு விக்கிறார்னு வெச்சுக்கங்க. கையில காசு இல்லையா? 'கவலைப்படாத தம்பி, நானே கடன் தர்றேன்'ங்கிறார். ஆர்.சி. புக் உங்க பேருக்கு மாறியாச்சு. ஆனா, வண்டி ஓட்டுறது அவர்தான்... உங்களுக்கு மாச வாடகை குடுத்து! சிரிக்காதீங்க. லண்டன்ல கோட் சூட் போட்டவங்க இதையேதான் செஞ்சாங்க.

அங்கே கேனரி வார்ஃப்னு ஒரு ஏரியா. ஒரு காலத்துல கப்பல் சரக்கு இறங்கின இடம், அப்புறம் பேங்க்குகளோட கோட்டை ஆயிடுச்சு. அதுல 45 மாடி, 200 மீட்டர் உயரத்துல ஹெச்.எஸ்.பி.சி. பேங்க்கோட தலைமையகம். 2007-ல் இந்த டவரை ஸ்பெயினோட மெட்ரோவாசெசா நிறுவனத்துக்கு 109 கோடி பவுண்டுக்கு வித்தாங்க. பிரிட்டன்ல ஒரே பில்டிங் 100 கோடி பவுண்டைத் தாண்டினது அதுதான் முதல் தடவை. வித்துட்டு காலி பண்ணினாங்களா? ம்ஹூம்! 20 வருஷத்துக்கு வாடகை ஒப்பந்தம் போட்டு அங்கேயே உட்கார்ந்துட்டாங்க. இதுக்குப் பேரு 'சேல் அண்ட் லீஸ்பேக்'. எம்.பி.ஏ. மக்கள் நோட் பண்ணிக்கங்க... கட்டடத்துல முடங்கின பணம் கைக்கு வரும், உட்கார்ந்த இடமும் போகாது.

வாங்கினவங்களுக்கு 81 கோடி பவுண்டு கடன் குடுத்தது யாரு? அதே பேங்க்! அது குறுகிய காலக் கடன். வேற இடத்துல நீண்ட காலக் கடன் வாங்கி இதை அடைச்சுடலாம்ங்கிறது ஸ்பெயின்காரங்க கணக்கு. 2008 செப்டம்பர்ல லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்துச்சு. (அவங்களோட ஐரோப்பியத் தலைமையகமும் இதே கேனரி வார்ஃப்லதான்!) அதுக்கப்புறம் யாரு கடன் தருவா? டிசம்பர்ல 83.8 கோடி பவுண்டுக்கு, வித்தவங்ககிட்டயே டவர் திரும்பி வந்துச்சு. வித்த விலைக்கும் வாங்கின விலைக்கும் 25 கோடி பவுண்டு வித்தியாசம். இதுக்காக ஒரு நாற்காலிகூட நகரலை பாஸ்!

2009-ல் தென் கொரியாவோட தேசிய பென்ஷன் நிதி 77.25 கோடிக்கு வாங்குச்சு. சியோல்ல சம்பளத்துல பிடிச்ச காசு, லண்டன்ல வாடகை சம்பாதிச்சுது. இந்தக் கதையில என் ஓட்டு இவங்களுக்குத்தான். மார்க்கெட் படுத்துக் கிடந்தப்போ வாங்கி, 2014-ல் கத்தார் அரசோட முதலீட்டு நிதிக்கு நல்ல லாபத்துல வித்துட்டுக் கிளம்பிட்டாங்க.

கத்தார்காரங்களுக்கு வந்தது வேற தலைவலி. அந்த 20 வருஷ ஒப்பந்தத்தோட கெடு 2027. 'இவ்வளவு பெரிய இடம் எங்களுக்கு வேணாம், செயின்ட் பால்ஸ் பக்கம் சின்ன ஆபீஸுக்குப் போறோம்'னு 2023-ல் பேங்க் சொல்லிடுச்சு. வீட்டோட கொரோனா காலத்துல வேலை பார்த்துப் பழகின ஊழியர்கள் முழுசா திரும்பலையே! அதனால, டவரோட சுவரைக் குடைஞ்சு நடுநடுவே திறந்தவெளித் தோட்டங்கள் வைக்கிற பிளான் 2024-ல் வெளியாச்சு.