சேற்றுக்கு உயர்த்திய சில்லு வெள்ளத்துக்கு உதவாது



மாரி தொடங்கிவிட்டால் நமது ஊர்க் கராஜ்களில் ஒரே கதைதான். எந்த டயர் போடுவது, எத்தனை அங்குலம் உயர்த்துவது, பழைய டயரோடு வட்டைக்குள் இறங்கலாமா? ட்ரெக்டர், லேண்ட்மாஸ்டர் வைத்திருக்கும் விவசாயிகளும் கேட்கிறார்கள். ஏடிவி என்று சொல்லும் நான்கு சில்லு பைக்கில் ஆசை வைத்த தம்பிமாரும் கேட்கிறார்கள். கேட்பது நல்லது. சேற்றில் புதையாமல் போய் வருவது ஒரு விவசாயிக்குக் காசும் நேரமும் சம்பந்தப்பட்ட விடயம்.

ஆனால் அந்தக் கதையோடு சேர்த்துப் பேச வேண்டிய இன்னொரு கதையை நாம் பேசுவதில்லை. சேற்றுக்காக உயர்த்திய வாகனத்தை வெள்ளத்துக்குள் இறக்குகிறோம். அதில் பிள்ளைகளையும் ஏற்றுகிறோம். இந்தப் பதிவு அதைப் பற்றியது. முதலில் சேற்றைப் பார்ப்போம்.

சேறு எல்லாம் ஒரே சேறு அல்ல. உழுது மிதித்த வயலில் மேலே குழைந்த சேறு இருக்கும். அதற்குக் கீழே பல வருட உழவால் இறுகிய ஒரு தட்டு இருக்கும். அங்கே ஒடுக்கமான, உயரமான, ஆழமான பற்களுள்ள டயர்தான் நல்லது. அது சேற்றை வெட்டிக்கொண்டு கீழே போய் இறுகிய மண்ணைப் பிடிக்கும். குளத்தோரத்துச் சுரி அப்படியல்ல, அதற்கு அடியே கிடையாது. அங்கே ஒடுக்கமான டயர் இறங்கிக்கொண்டே போகும். அகலமான டயரில் காற்றைக் குறைத்து மேலாகப் போகலாம், அல்லது சுற்றுப் பாதையால் போகலாம். இரண்டாவதுதான் பெரும்பாலும் மலிவு.

அடுத்தது டயரின் பல். ட்ரெக்டர் டயரில் ஆர்-1, ஆர்-2 என்று எழுதியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆர்-1 சாதாரண நிலத்துக்கு. ஆர்-2 நெல் வயலுக்கும் கரும்புக்கும். அதன் பல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆழம். பற்களுக்கு இடையே இடைவெளி கூடினால் சுழலும்போது சேறு தானாகவே உதிரும். இடைவெளி குறைந்தால் சேறு அடைத்து டயர் வழுவழுப்பான உருளையாகிவிடும். ஆனால் ஆர்-2 டயரைத் தார் வீதியில் தினமும் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துபோகும். நமது ட்ரெக்டர் ஒரு நாளில் வயலில் எத்தனை மணித்தியாலம், வீதியில் எத்தனை மணித்தியாலம் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். பூட்டும்போது பக்கத்தில் இருக்கும் அம்புக்குறி உருளும் திசையைக் காட்ட வேண்டும். மாறிப் பூட்டினால் சேறு உதிர்வது குறையும்.

லேண்ட்மாஸ்டருக்கு இரும்புக் கூட்டுச் சில்லு இருக்கிறது. வயலுக்குள் அதற்கு நிகர் இல்லை. வரம்பைத் தாண்டி வீதிக்கு ஏறும்போது கழற்றிவிடுங்கள். ஊர்ப் பணத்தில் போட்ட வீதியை அது கொத்திவிடும்.

இனி உயரம். இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் வாகனம் உயர்வது 1 அங்குலம்தான். பாடியை உயர்த்தும் லிஃப்ட் கிட் பூட்டினால் பாடிதான் மேலே போகும். பின்பக்கம் ஒரே அச்சுள்ள வாகனத்தில் அச்சும் டிஃபரன்ஷலும் இருந்த இடத்திலேயே இருக்கும். சேற்றில் முதலில் முட்டுவதும் அவைதான். ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள ஏடிவியில் வயிற்றுப்பகுதி உயரும் என்பது உண்மை. ஆனால் சில்லுக்குப் போகும் தண்டுகள் கூடிய சரிவில் சுழல வேண்டி வரும். அவற்றின் இறப்பர் உறை கிழியும், சேறு உள்ளே போகும், மூட்டு போய்விடும்.

26 அங்குல டயரைக் கழற்றி 28 அங்குலம் போட்டால் தரையில் கிடைக்கும் இழுவை சுமார் 7 வீதம் குறைகிறது. வேகமானியும் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். பிரேக்குக்கும் வேலை கூடும்.

இவற்றைவிட முக்கியமானது புரள்வது. கணக்குக்காக ஒரு ஏடிவியை எடுப்போம். இரண்டு பக்கச் சில்லுகளுக்கும் இடைத்தூரம் 100 சென்ரிமீற்றர், ஓட்டுபவரோடு சேர்த்துப் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 60 சென்ரிமீற்றர் என்று வைத்தால், ஏறத்தாழ 40 பாகைச் சரிவில் அது பக்கவாட்டில் புரளும். 10 சென்ரிமீற்றர் உயர்த்தினால் 36 பாகைக்குக் கீழேயே புரண்டுவிடும். இது அசையாமல் நிற்கும்போது உள்ள கணக்கு. வேகமாகத் திருப்பும்போது அதற்கும் முன்னரே புரளும். பின்னால் ஒரு கூட்டாளியையும் ஏற்றினால் இன்னும் மோசம். ஏடிவிகளில் பெரும்பாலானவை ஒருவருக்கென்றே செய்யப்பட்டவை. உயர்த்தத்தான் வேண்டும் என்றால் அகலத்தையும் கூட்டுங்கள். அதற்கும் மனம் இல்லையென்றால் உயர்த்தாதீர்கள்.

சேற்றுக் கதை அவ்வளவுதான். இனித்தான் நமது உண்மையான கவலை.

வகுப்பில் மழை பற்றிப் பேச்சு வந்தால் பிள்ளைகள் பெருமையோடு சொல்வது இதுதான்: "சேர், நம்மட மெசினுக்கு எந்த வெள்ளமும் ஒண்டும் செய்யா." அவர்கள் வீட்டில் கேட்டதைச் சொல்கிறார்கள். பெரிய சில்லு, பாரமான இரும்பு, சத்தம் போடும் எஞ்சின். பார்த்தால் அசையாத மலை மாதிரித்தான் இருக்கிறது.

அதே வகுப்பில் நாங்கள் மேலுதைப்பு என்று ஒரு பாடம் படிப்பிக்கிறோம். ஒரு பொருள் எவ்வளவு நீரை இடம்பெயர்க்கிறதோ அந்த நீரின் நிறைக்குச் சமமான விசை அதை மேலே தூக்கும். நடுத்தர ட்ரெக்டரின் ஒரு பின் டயருக்குள் 150 லீற்றருக்கு மேல் காற்று இருக்கிறது. நீருக்குள் மூழ்க மூழ்க அந்த டயர் ஒரு மிதவையாகிறது. பின்னால் இழுக்கும் பெட்டியையும் நீர் தூக்கத் தொடங்கும். சேற்றுக்காகத் தேடி வாங்கிய பெரிய டயர் வெள்ளத்தில் நமக்கு எதிராக வேலை செய்யும். பிடிமானம் என்பது பாரம் தரையை அழுத்துவதால் வருவது. பாரத்தை நீர் தாங்கிக்கொண்டால், ஆர்-2 பல் எவ்வளவு ஆழமாக இருந்தும் பிரயோசனம் இல்லை.

தூக்கிய பொருளை ஓட்டம் தள்ளும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஓடும் நீர் அரை அடி இருந்தாலே ஒரு வளர்ந்த மனிதரை விழுத்தலாம். ஒரு அடி சிறிய காரை நகர்த்தலாம். இரண்டு அடி பெரும்பாலான வாகனங்களைக் கொண்டுபோகும். காற்று எடுக்கும் குழாயை உயரே நீட்டிவிட்டோம், எஞ்சினுக்குள் தண்ணீர் போகாது என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் குழாய் எஞ்சினைத்தான் காப்பாற்றும். சில்லைத் தரையில் பிடித்து வைத்திருக்காது.

இதைப் புத்தகக் கணக்கு என்று ஒதுக்க நம்மால் முடியாது. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளியில், மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றி வந்த ட்ரெக்டரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அந்த ஜனாஸாக்களை இந்தப் பகுதி மறக்காது. யா அல்லாஹ், அந்தப் பிள்ளைகளையும் அவர்களோடு மரணித்தவர்களையும் பொருந்திக்கொள்வாயாக. யார் மீதும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அப்படியொரு நாள் இன்னொரு தடவை வரக்கூடாது என்பதற்காக எழுதுகிறோம்.

"ட்ரெக்டர் இல்லாவிட்டால் வெள்ள நேரம் ஊரே முடங்கிவிடுமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொரு மாரியிலும் தண்ணீர் தேங்கிய ஒழுங்கைகளிலிருந்து முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் ஏற்றி வந்தது ட்ரெக்டர்தான். ஆனால் தேங்கி நிற்கும் தண்ணீர் வேறு, ஓடும் தண்ணீர் வேறு. ஒழுங்கையில் தேங்கிய முழங்கால் தண்ணீரில் ட்ரெக்டர் பாவிக்கலாம். தாம்போதிக்கு மேலால் குறுக்கே பாயும் முழங்கால் தண்ணீரில் பாவிக்கக்கூடாது. அங்கே வீதியின் விளிம்பு தெரியாது. கீழே தார் இருக்கிறதா, அரித்துப்போனதா என்பதும் தெரியாது.

ஆகவே இந்த மாரிக்கு முன் ஊராக நாம் சில விடயங்களைத் தீர்மானிக்கலாம்.

1. கிட்டங்கி, மாவடிப்பள்ளி போன்ற தாம்போதிகளில் அளவுக் கம்பங்கள் வேண்டும். சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் எந்த வாகனமும் இறங்கக்கூடாது. பெயின்ட் வாளி ஒன்றும் கம்பம் இரண்டும் பெரிய செலவல்ல. பள்ளிவாசல் நிர்வாகங்களும் கமக்காரர் அமைப்புகளும் பிரதேச சபையோடு பேசினால் நடக்கும்.

2. தண்ணீர் பாயத் தொடங்கியதும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாதை மூடப்பட்டதாக அறிவிக்க வேண்டும்.

3. ட்ரெக்டர் ஓட்டும் தம்பிமாருக்கு "ஏலாது" என்று சொல்லும் உரிமையை நாம் கொடுக்க வேண்டும். அதிகமான தரம் அவர்கள் விருப்பத்தோடு இறங்குவதில்லை. கரையில் நிற்பவர்கள் "போகலாம் மச்சான், இது என்ன தண்ணீர்" என்று சொல்வதால்தான் இறங்குகிறார்கள்.

4. பாடசாலைகளும் மத்ரசாக்களும் வெள்ள நாளில் வராத பிள்ளையிடம் காரணம் கேட்கக்கூடாது. தவறிய பாடத்தைப் பிறகு ஒரு பின்னேரம் படிப்பிக்கலாம். அதை ஆசிரியர்களாகிய நாங்கள் பொறுப்பெடுக்கிறோம். அதேபோல, விடுமுறை விட்டுவிட்டோம் என்பதற்காகப் பிள்ளையை ஓடும் தண்ணீருக்குக் குறுக்கே வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. ஒரு இரவு அங்கேயே தங்கட்டும். உம்மா வாப்பாவுக்குத் தகவல் கொடுப்போம்.

5. அவசரமாகக் கடக்கத்தான் வேண்டும் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். படகு வரும் வரை பொறுங்கள்.

தவக்குல் என்று சொல்லிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குவது தவக்குல் அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பாரம்சாட்டச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

நல்ல டயர் வாங்குங்கள், வயலை நன்றாக உழுங்கள். அல்லாஹ் உங்கள் விளைச்சலில் பறகத் செய்வான், இன்ஷா அல்லாஹ். ஆனால் டயர் வாங்கும் அன்றே வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "இது வயலுக்கு. வெள்ளத்துக்கு இல்ல."

ட்ரெக்டர் வைத்திருக்கும் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு இதை அனுப்பிவிடுங்கள்.