அரசாங்கத்தின் தேரும் குடிமகனின் உயிரும்

நோயாளியை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் வண்டியும், தீயணைக்க விரையும் வண்டியும் வீதியில் வரக் கண்டால் நாம் ஒதுங்கி வழிவிடுகின்றோம். அது நற்குடிகளின் கடமை. ஆயின், அவ்வண்டியே அஜாக்கிரதையால் வழிப்போக்கன் ஒருவனை மோதி முடமாக்குமேல், அது அரசாங்க காரியமாகச் சென்றமையால் நஷ்டஈடு இல்லை என்று கூறுதல் நீதியாகுமா?

அரசன் தவறிழையான் என்பது ஆங்கிலேயரின் பழங்கொள்கை. தேர்க்காலிற் கன்று மடிந்ததற்காகத் தன் மகனையே தேர்க்காலிலிட்ட சோழன் கதையைப் போற்றும் நமக்கு அக்கொள்கை அந்நியமே. இங்கிலாந்தும் 1947ஆம் ஆண்டில் ஒரு சட்டமியற்றி அதனைப் பெரும்பாலும் கைவிட்டது.

இந்தியாவிலோ இதன் வேர் 1861ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தீர்ந்த ஒரு வழக்கில் உள்ளது. அரசாங்கக் கப்பற்பட்டறைத் தொழிலாளர் வீதியிற் சுமந்து சென்ற இரும்பைக் கீழே போட, அவ்வோசையால் பி. அண்ட் ஓ. கம்பெனியின் வண்டிக்குதிரை மருண்டு காயமுற்றது. தனியாரும் செய்யக்கூடிய தொழிலில் நேரும் தவறுக்கு அரசாங்கம் பொறுப்பென்றும், இறைமை அதிகாரத்தாற் செய்பவற்றிற்குப் பொறுப்பில்லையென்றும் பிரதம நீதிபதி சர் பார்ன்ஸ் பீகாக் வகுத்தார். நமது அரசியற் சட்டத்தின் 300ஆம் பிரிவும் அப்பழைய நிலையையே தொடர விட்டிருக்கிறது.

இப்பாகுபாடு எத்துணை நிலையற்றது! உதயப்பூரில் அரசாங்க ஜீப் மோதி ஒருவர் இறந்த வழக்கில், 1962ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு அரசாங்கத்தைப் பொறுப்பாக்கிற்று. மீரத்தில் போலீசார் கைப்பற்றிய ஒரு வணிகரின் பொன், காவலிலிருந்தபோதே களவுபோயிற்று. கஸ்தூரிலால் வழக்கென வழங்கும் அவ்வழக்கில் அதே கோர்ட்டு அவருக்கு நஷ்டஈடு மறுத்தது. இந்நிலையை மாற்றச் சட்டம் வேண்டுமென்று அத்தீர்ப்பே வற்புறுத்தியது. 1965, 1967ஆம் ஆண்டுகளில் பார்லிமெண்டிற் கொணர்ந்த மசோதாக்களோ நிறைவேறாமற் போயின.

அவசரப் பணியாளரைக் கோர்ட்டுக்கு இழுத்தால் அவர்கள் அஞ்சித் தயங்குவர், அதனால் உயிர்கள் மடியும் என்பது எதிர்வாதம். அது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் அவசரமென்பது எவ்வளவு ஜாக்கிரதை எதிர்பார்க்கலாம் என்பதை அளக்கும் கோலேயன்றி, பொறுப்பையே துடைத்துவிடும் மந்திரமன்று. நியாயமான வேகத்தில் நேர்ந்த பிசகை மன்னிக்கலாம்; பொறுப்பின்மையை மன்னித்தலாகாது. இங்கிலாந்தில் எரியும் கட்டிடமொன்றில் தானே நீர் தெளிக்கும் கருவிகளைத் தீயணைப்பு அதிகாரி நிறுத்திவிட, கட்டிடம் அழிந்தது. அவ்வழக்கில் 1997ஆம் ஆண்டு தீயணைப்புப் படை பொறுப்பாக்கப்பட்டது. அதனால் அந்நாட்டில் தீயணைப்பு நின்றுவிடவில்லை.

நம் நாட்டிலும் 1996ஆம் ஆண்டில், இரயிலிலிருந்து வீழ்ந்த ஏழை ஒருவரைப் பல அரசாங்க ஆஸ்பத்திரிகள் ஏற்காது திருப்பியனுப்பியதற்காக, வங்காள அரசாங்கம் 25,000 ரூபாய் தரவேண்டுமெனச் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. உயிர்காத்தல் அரசின் கடமையெனில், அக்கடமையில் இழைத்த தீங்கிற்கு ஈடுசெய்தலும் அதன் பகுதியே.

மேலும், வண்டி ஓடுவது ஊரார் அனைவரின் நன்மைக்காக. அதன் விலையை ஊரார் பொக்கிஷம் தருவதா, காலிழந்த ஒரு கூலியாள் தனியே தருவதா? நல்ல சமாரியன் காயமுற்றவனைத் தன் வாகனத்தில் ஏற்றிச் சென்றான். வழியில் வேறொருவனை மிதித்துச் செல்ல அவ்விரக்கம் அவனுக்கு உரிமை தரவில்லை. ஆதலின், பார்லிமெண்டு தெளிவான சட்டம் இயற்றுமளவும், இவ்விலக்கை இயன்றவரை குறுக்கிப் பொருள்கொள்ளுதலே நியாயாதிபதிகளுக்குத் தகுதி. நாளை வழக்கறிஞர்களாகவும் நீதிபதிகளாகவும் ஆகவிருக்கும் நம் மாணவ நண்பர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.