கரண்டு போன இரவையும் தாங்கும் குடில்

ஏற்காட்டில் பசுமைக்குடில் வைத்திருப்பவரிடம் குளிர்காலப் பாதுகாப்பு பற்றிப் பேச்செடுத்தால், "இங்கே என்ன ஊட்டி மாதிரி உறைபனியா விழுகிறது?" என்றுதான் முதலில் கேட்பார். கேள்வி நியாயமானதே. தை மாதக் காலையில் ஊட்டி அருகேயுள்ள தலைக்குந்தாவின் புல்வெளிகள் வெளுத்துக் கிடக்கும்போது, சேர்வராயன் மலையில் குளிர் பெரும்பாலும் 12, 13 டிகிரியோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் நாகலூரிலும் மஞ்சக்குட்டையிலும் செம்மநத்தத்திலும் குடில் போடும்போது நிழல்வலைக்கும் சொட்டுநீருக்கும் கணக்குப் போடுகிற நாம், இரவு வெப்பத்துக்குக் கணக்கே போடுவதில்லை.

ஆனால் குளிரால் செடி கெடுவதற்குத் தண்ணீர் உறைய வேண்டியதில்லை. ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட், ஆந்தூரியம் போன்ற வெப்பமண்டலச் செடிகளுக்கு இரவு வெப்பம் தொடர்ந்து 15 டிகிரிக்குக் கீழே இருந்தாலே வளர்ச்சி தேங்கும். 10 டிகிரியை நெருங்கினால் திசுவே காயப்படும். குடைமிளகாயில் காய்ப்பிடிப்பு குறையும். பிடித்த காயும் உருக்குலையும். கார்னேஷனும் ஜெர்பெராவும் குளிரை விரும்புபவைதான். அவற்றைக் கெடுப்பது குளிரோடு சேர்ந்து வரும் ஈரம்.

இந்தச் சேதத்தின் இன்னொரு குணம், அது உடனே கண்ணில் படாது என்பது. குளிர்பட்ட ஃபெலனாப்சிஸ் இலை மறுநாள் காலையில் நன்றாகவே தெரியும். சில வாரம் கழித்துத்தான் இலையில் குழிகள் விழுந்து, நிறம் மாறி, கருகத் தொடங்கும். அதற்குள் அந்த இரவு நமக்கு மறந்து போயிருக்கும். நோய் என்று நினைத்து மருந்தடிப்போம், மருந்து கேட்காது. இரவு வெப்பக் குறிப்பு எழுதி வைக்காத குடிலில் குளிர்காயத்தை நோயிலிருந்து பிரித்தறிய வழியே இல்லை. அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தைக் காட்டும் ஒரு வெப்பமானியைச் செடியின் உயரத்தில், வெயில் நேராகப் படாமல் தொங்கவிட்டு, தினமும் காலையில் அளவைக் குறித்து வைப்பதுதான் முதல் வேலை. தூணில் ஆள் உயரத்தில் மாட்டிய கருவி செடிக்கு நேர்ந்ததைச் சொல்லாது.

சேர்வராயன் மலையில் குளிர்காலம் ஒன்றல்ல, இரண்டு. கார்த்திகையில் வருவது புயல் குளிர்: மேகம், மழை, வெயிலில்லாத பகல், நாள்கணக்கில் கரண்டு இல்லாமை. தை, மாசியில் வருவது வெட்டவெளிக் குளிர்: தெளிந்த வானம், அசையாத காற்று, பகலில் நல்ல வெயில், விடியும் முன் கடுங்குளிர். இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஒன்றுக்கு உரியதை மற்றதற்குச் செய்தால் சேதம் கூடும்.

முதலில் கார்த்திகை. 2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் உள்மாவட்டங்களையும் வெளுத்து வாங்கியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கடற்கரைப் புயல் நம்மை என்ன செய்யும் என்ற எண்ணம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். காபித் தோட்டங்களின் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஓடும் மின்கம்பியில் ஒரு மரம் சாய்ந்தால் போதும். பாதை திறந்து, லைன்மேன் வந்து, மரத்தை அறுத்து, கம்பியை இழுத்துக் கட்டும் வரை சிற்றூர்களுக்குக் கரண்டு இல்லை. டீசலும் அதே பாதையில்தான் மலையேற வேண்டும்.

இந்த நாட்களில் வெப்பம் மிகவும் கீழே போவதில்லை. மேகம் போர்வையாக நிற்கிறது. ஆபத்து இலையில் நிற்கும் நீரில் இருக்கிறது. குடிலுக்குள் 16 டிகிரியும் 90 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், வெப்பம் இன்னும் 2 டிகிரி இறங்கியதுமே பனித்துளி கட்டும். மின்விசிறி நின்றுபோய், பக்கத்திரையும் இறக்கிய குடிலில் பூவிதழிலும் மொட்டிலும் அந்த ஈரம் இரவெல்லாம் நிற்கும். சாம்பல் பூஞ்சணமான பாட்ரைடிஸுக்கு வேறெதுவும் வேண்டாம்.

ஆகவே புயல் எச்சரிக்கை வந்ததும் செய்ய வேண்டியவை எளியவை. மேலிருந்து தெளிக்கும் தண்ணீரை நிறுத்துங்கள். வாடிய பூ, பழுத்த இலைகளை அகற்றிக் குடிலுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். காற்றின் வேகம் தணிந்ததும் நண்பகலில் ஒரு மணி நேரமாவது திரையை உயர்த்தி உள்ளே நிற்கும் ஈரக்காற்றை வெளியேற்றுங்கள். திரையை ஏற்றி இறக்க மோட்டார் வைத்திருப்பவர்கள் கைப்பிடியும் வைத்திருக்கிறார்களா, அது துருப்பிடிக்காமல் சுழல்கிறதா என்று இன்றே பாருங்கள். தென்னைநார்த் தூளில் வளரும் செடி ஒரு நாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் தாங்கும். குழாயில் ஓடும் நீரில் வேர்விட்ட செடி பம்ப் நின்ற சில மணி நேரத்தில் துவண்டுவிடும். அப்படிப் பயிர் செய்பவர்கள் உயரத்தில் ஒரு தொட்டி வைத்து, கரண்டு இல்லாமல் தானாக இறங்கும் தண்ணீருக்கு வழி செய்திருக்க வேண்டும்.

அடுத்து தை. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். பாலித்தீனையும் துளைக்கும் என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம். மண்ணும் செடியும் இரவில் வெளிவிடும் வெப்பக் கதிரைச் சாதாரண பாலித்தீன் தடுப்பதில்லை; பெரும்பகுதியை வானத்துக்கு விட்டுவிடுகிறது. காற்றசையாத தெளிந்த இரவில் குடிலுக்குள் வெளியைவிட ஒரு டிகிரி குறைவாகக்கூட இருப்பது இதனால்தான். வெளிக்காற்று கொண்டுவரும் சிறு வெப்பமும் உள்ளே வராமல் தாளே தடுத்துவிடுகிறது. நாம் போடும் 200 மைக்ரான் தாளிலேயே வெப்பக்கதிரைத் தடுக்கும் சேர்மானம் உள்ளதும் இல்லாததும் உண்டு. அடுத்த முறை தாள் மாற்றும்போது புற ஊதாக்கதிர் உத்தரவாதத்தோடு இதையும் கேட்டு வாங்குங்கள். அதுவரை மாலையில் செடிகளுக்கு மேலே இழுத்து மூடும் ஒரு உள்திரை பெரிய உதவி. கூரையின் கிழிசல், கதவிடுக்கு, திரையின் அடியோரம் ஆகியவற்றை அடைப்பதற்குச் செலவே இல்லை.

குடில் முழுவதையும் சூடேற்ற நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 100 சதுர மீட்டர் குடிலுக்குச் சுவரும் கூரையுமாகச் சுமார் 180 சதுர மீட்டர் தாள் இருக்கும். ஒற்றைத் தாள் வழியே, உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 வாட் வெப்பம் வெளியேறுகிறது. வெளியைவிட 5 டிகிரி கூடுதலாக வைத்திருக்க 5.4 கிலோவாட் வேண்டும். 12 மணி நேரத்துக்கு 65 யூனிட். நம்மூர் இன்வெர்ட்டர் எதுவும் இதைத் தாங்காது. அதே குடிலுக்குள் 20 சதுர மீட்டர் மேடை ஒன்றில் தாய்ச்செடிகளையும் நாற்றுகளையும் சேர்த்து, வளைகுழாய் வைத்து உள்ளே இன்னொரு தாளால் மூடினால் தேவை சுமார் 8 யூனிட்டாக இறங்கிவிடும்.

அந்த 8 யூனிட்டைக் கரண்டே இல்லாமல் பெறலாம். 200 லிட்டர் பீப்பாயில் உள்ள தண்ணீர் 8 டிகிரி ஆறும்போது கிட்டத்தட்ட 2 யூனிட் வெப்பத்தை வெளிவிடுகிறது. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், மேடையைக் குடிலின் வடக்கு ஓரத்தில் அமைத்து, அதன் பின்னால் கறுப்புச் சாயம் பூசிய நான்கைந்து பீப்பாய்களை வெயில் படும்படி நிறுத்தி, மாலையில் மேடையோடு சேர்த்து மூடிவிடுங்கள். தெளிந்த பகலில் சேமித்ததைத் தெளிந்த இரவில் செலவழிக்கும் ஏற்பாடு இது. வெயிலே இல்லாத புயல் நாட்களுக்கு இது உதவாது. இரண்டு குளிர்காலங்களையும் பிரித்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

கரி அடுப்பையோ மண்ணெண்ணெய் அடுப்பையோ மூடிய குடிலுக்குள் கொண்டுபோய் வைப்பது பலரும் செய்வது, செய்யவே கூடாதது. அரைகுறையாக எரியும் எரிபொருள் எத்திலீனை வெளிவிடுகிறது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான எத்திலீனே கார்னேஷன் பூவின் இதழ்களை உள்ளே மடங்கச் செய்துவிடும். ஆர்க்கிடின் புல்லிதழ் காய்ந்துவிடும். செடி பிழைத்துப் பூ விலைபோகாமல் போவதில் யாருக்கு லாபம்? பூவைவிட முக்கியமாக, கார்பன் மோனாக்சைடு காவலுக்குப் படுத்திருப்பவரின் உயிரைப் பறிக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடுப்பு வைத்தே தீர வேண்டுமென்றால் அது வெளியே எரிய வேண்டும். புகைக்குழாய் கட்டி, சூடு மட்டும் உள்ளே வர வேண்டும்.

ஜெனரேட்டர் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பதைச் சோதனை என்கிறார்கள். சுமையில்லாமல் ஓடுவது சோதனை ஆகாது. மெயினை அணைத்து, பம்பையும் விசிறியையும் அதில் இணைத்து அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு இணைப்பிலேயே ஜெனரேட்டரைச் செருகுவது கொலைக்குச் சமம். நம் மின்சாரம் பின்னோக்கிப் போய், டிரான்ஸ்பார்மரில் 11,000 வோல்ட்டாக உயர்ந்து, கரண்டு இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடும் லைன்மேனைத் தாக்கும். புகைபோக்கி குடிலை நோக்கி இருக்கக் கூடாது. அதிலும் எத்திலீன் வருகிறது. மலைப்பாதை அடைபட்டால் மூன்று நாளுக்குப் போதுமான டீசல் இருக்கிறதா என்பதையே கையிருப்பின் அளவாக வையுங்கள்.

வெப்பம் குறைந்தால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன, வாங்கிப் பொருத்துங்கள். ஆனால் கரண்டு நின்ற சில மணி நேரத்தில் செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் இறங்கிவிடும். செய்தி வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்று பொருளல்ல. காவலாளியின் அறை வரை கம்பி இழுத்து, பேட்டரியில் ஒலிக்கும் ஒரு மணியும் கூடவே வேண்டும்.

எல்லாம் செய்தும் ஒரு குடில் விழலாம். 1941 இலையுதிர் காலத்தில் முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடின் தாவரவியல் கண்ணாடிக் குடில்கள் குண்டுவீச்சில் உடைந்தன, வெப்பமூட்டலும் நின்றது, வெப்பமண்டலச் சேகரத்தின் பெரும்பகுதி உறைந்து அழிந்தது. ஊழியர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்ற கள்ளிச்செடிகள் பிழைத்தன. 2022-23 குளிர்காலத்தில் மின்நிலையங்கள் தாக்கப்பட்டபோது கீவ் நகரத் தாவரவியல் பூங்காவின் ஊழியர்கள் விறகடுப்பு மூட்டிச் செடிகளுக்காகப் போராடினார்கள். நமக்கு நடப்பது போரல்ல. ஆனாலும் இதிலுள்ள பாடம் பொதுவானது: விலைமதிப்பில்லாத செடி ஓரிடத்தில் மட்டும் இருக்கக் கூடாது. அரிய ஆர்க்கிடுகளைக் காப்பதற்கென்று 1963-இல் ஏற்காட்டில் அமைந்த தேசிய ஆர்க்கிடேரியம் இருக்கும் மலை இது. காட்டில் அழிந்தாலும் தோட்டத்தில் ஒரு பிரதி இருக்கட்டும் என்பதே அதன் அடிப்படை எண்ணம். அந்த எண்ணத்தை நம் தாய்ச்செடிகளுக்கும் நீட்டுவோம். செம்மநத்தத்துக் குடிலின் தாய்ச்செடியில் இரண்டு பிரதிகள் வெள்ளக்கடையில் இருக்கட்டும். வெள்ளக்கடையுடையவை செம்மநத்தத்தில் இருக்கட்டும். போட்டியாளரை நம்புவதா என்று தயங்குபவர்கள் சேலத்திலோ ஓமலூரிலோ உள்ள உறவினர் வீட்டில் வைக்கலாம்.

அரசிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. பசுமைக்குடிலுக்கு 50 விழுக்காடு மானியம் கிடைக்கிறது. மலைப்பகுதிக் குடிலுக்கு உள்திரை, கைச்சுழற்சித் திரை, உயரத் தொட்டி, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஆகிய நான்கும் அந்த மதிப்பீட்டில் கட்டாய இனங்களாக இடம்பெற வேண்டும். ஏற்காட்டிலுள்ள வேளாண் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், குடில் பயிர்களுக்கான இரவு வெப்ப எச்சரிக்கையைத் தமிழில் வெளியிட்டால் பயன் பெரிது. மின்வாரியம் சில்வர் ஓக் கிளைகளை வெட்டும் வேலையைப் புரட்டாசிக்குள் முடிக்கட்டும். தோட்டக்காரர்களும் தங்கள் எல்லைக்குள் இருக்கும் மரத்துக்குப் பொறுப்பேற்கட்டும்.

மானியமும் எச்சரிக்கையும் வரும்போது வரட்டும். இந்த மழை தொடங்கும் முன், மேகமில்லாத ஒரு மாலையில் ஆறு மணிக்கு உங்கள் குடிலின் மெயினை நீங்களே அணைத்து, காலை ஆறு மணி வரை மீண்டும் போடாமல் இருங்கள். கைப்பிடி எங்கே, டார்ச் எங்கே, டீசல் எவ்வளவு, திரையை இழுக்கத் தெரிந்தவர் யார், தாய்ச்செடி மேடையில் காலையில் எத்தனை டிகிரி என்ற ஐந்து கேள்விகளுக்கும் அன்றிரவு பதில் கிடைத்துவிடும். பதில் இல்லாத கேள்வியைச் சரிசெய்ய இன்னும் நாள் இருக்கிறது. கார்த்திகையில் இருக்காது.