மூடி மறைக்காத நிர்வாகி

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக்கு லட்சக்கணக்கில் பக்தர்கள் வருகிறார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மயங்கி விழுபவர்களும் உண்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுபவர்களும் உண்டு. அதே இரவில் ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பெண் பிரசவ வலியோடு இறங்கி வரலாம். ஏழை எளியவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் கதி. அதை நடத்துகிறவர் சரியாக நடத்துகிறாரா என்று எப்படி அளப்பது?

அளவுகோல்களுக்குப் பஞ்சமில்லை. தேசியத் தர உறுதிச் சான்றுக்காக வரும் மதிப்பீட்டாளர்கள் பதிவேடுகளைப் புரட்டி, ஊழியரையும் நோயாளியையும் விசாரித்து, ஒவ்வொரு அம்சத்துக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் போடுகிறார்கள். சான்று பெற 70 சதவீதம் வேண்டும். தூய்மைக்கு 2015 முதல் காயகல்ப் விருதும் இருக்கிறது. இவை அவசியம்தான். ஆனால் ஆய்வு நாளுக்காக வார்டைத் தயார்செய்துவிட முடியும்.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் நடந்ததை மறக்கக் கூடாது. வரவு செலவிலும் இலக்குகளிலும் கண்ணாயிருந்த நிர்வாகக் குழு, வார்டில் நோயாளிகள் பட்ட பாட்டைக் காதில் வாங்கவில்லை. ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணையின் அறிக்கை 2013-இல் அதை விரிவாக எடுத்துரைத்தது.

நல்ல வழி நம்மிடமே இருக்கிறது. தாய் இறப்பு ஒவ்வொன்றையும் மறைக்காமல் பதிந்து, ஏன் நேர்ந்தது என்று ஆராயும் முறையைத் தமிழ்நாடு 1990களிலேயே தொடங்கியது. ஆம்புலன்ஸ் தாமதமா, ரத்தம் இல்லையா, மருத்துவர் இல்லையா என்று தேடித்தேடித் திருத்தியதும் ஒரு காரணமாக, 2018-20 கணக்கில் உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு 54 ஆகக் குறைந்தது. அப்போது நாட்டின் சராசரி 97.

மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கக் கூட்டங்களிலும் இதுபோன்ற கேள்விகள் எழ வேண்டும். போன பௌர்ணமியன்று அவசரப் பிரிவில் என்ன தவறியது? செவிலியர் சொன்ன குறை என்ன ஆனது? எத்தனை பேரை வேறு ஊருக்கு அனுப்பினீர்கள், ஏன்? ஆள் பற்றாக்குறைபோல நிர்வாகியின் கையில் இல்லாததற்கு அவரைக் குற்றம் சொல்ல வேண்டாம். அதை அவர் எழுத்தில் மேலே தெரிவித்தாரா என்று மட்டும் பாருங்கள்.

தன் மருத்துவமனையின் குறையைத் தானே முதலில் சொல்பவரே நல்ல நிர்வாகி. அவருக்கு இடமாறுதலும், மறைத்தவருக்குப் பாராட்டும் கிடைத்தால், அடுத்து வருபவர் வாய் திறக்க மாட்டார். அதன் பலனை நோயாளிதான் அனுபவிப்பார்.