மறுக்கும் உரிமை யாருடைய மனசாட்சிக்கு?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, விடுதித் தோழி ஒருத்தியுடன் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அவளுக்கு வயது 24, திருமணமாகவில்லை. ஏழு வாரக் கரு. மருத்துவர் ஸ்கேன் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "எனக்கு மனசு ஒப்பலம்மா. இதைப் பாவம்னு நினைக்கிறவ நான்" என்றார். சரி என்று எழுந்தோம். அப்போதுதான் கேட்டார்: "பையன் என்ன ஆளுங்க?" அவள் மறைக்கவில்லை, சொன்னாள். பையன் சேரிக்காரன். அவள் ஊர்த்தெருவில் நிலபுலன் உள்ள குடும்பம். மருத்துவரின் முகம் மாறியது. "உட்காரு. வீட்டுல பெரியவங்களைக் கூட்டிட்டு வா, பண்ணிடலாம்" என்றார்.

ஐந்து நிமிடத்துக்கு முன்பு பாவமாக இருந்தது, சாதி தெரிந்ததும் கடமையாகிவிட்டது. "பெரியவங்களைக் கூட்டிட்டு வா" என்ற அந்த வார்த்தையில் அவள் உயிரும் அந்தப் பையனின் உயிரும் இருந்தன. ஆணவக் கொலைகளின் நாட்டில் அதை விளக்க வேண்டியதில்லை.

மருத்துவப் பணியாளர்கள் தங்கள் மனசாட்சிக்கு ஒவ்வாத சிகிச்சையை மறுக்கச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமா என்ற விவாதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வருகிறது.

பிரிட்டனின் 1967 கருக்கலைப்புச் சட்டம், மனசாட்சி காரணமாகச் சிகிச்சையில் பங்கேற்க மறுக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் உயிரைக் காப்பாற்றவோ நிரந்தரப் பெரும் பாதிப்பைத் தடுக்கவோ தேவைப்படும் நேரத்தில் அந்த உரிமை செல்லாது. கிளாஸ்கோவைச் சேர்ந்த இரண்டு மருத்துவச்சிகள், பணி ஒதுக்குவதும் மேற்பார்வையிடுவதும்கூடத் தங்கள் மனசாட்சிக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார்கள். நேரடியாகக் கைவைத்துச் செய்யும் பங்கை மட்டுமே மறுக்கலாம் என்று 2014இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுவீடனில் இந்த உரிமையே கிடையாது. இத்தாலியில் 1978 சட்டம் உரிமையைத் தாராளமாகத் தந்தது. இன்று அங்கே மகப்பேறு மருத்துவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மறுப்பாளர்கள். சட்டப்படி உரிமை இருந்தும், செய்ய ஆளில்லாமல் பெண்கள் ஊர் ஊராக அலைகிறார்கள்.

இந்தியாவில் என்ன? 1971 கருக்கலைப்புச் சட்டத்தில் மனசாட்சி மறுப்பு பற்றி ஒரு வரிகூட இல்லை. மாறாக, மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகள் தெளிவாக இருக்கின்றன: மருத்துவத் தேவை இருக்கும்போது, மதக் காரணத்தை மட்டும் சொல்லிக் கருக்கலைப்பையோ கருத்தடையையோ மறுக்கக் கூடாது. தனக்கு அதற்கான திறமை இல்லை என்று கருதினால் மட்டுமே விலகலாம். 18 வயது நிறைந்த, மனநலம் குன்றாத பெண் என்றால் அவளுடைய சம்மதம் மட்டும் போதும். 2021 திருத்தம் 'கணவர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'இணையர்' என்று எழுதியது. சட்டம் கேட்காத நிபந்தனைகளை, குடும்பத்தின் சம்மதம் உட்பட, மருத்துவர்கள் கேட்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

அப்படியென்றால் அந்த மருத்துவர் எப்படி மறுத்தார்? இங்கேதான் நம் சட்டத்தின் ஓட்டை இருக்கிறது. கருக்கலைப்பு நம் நாட்டில் பெண்ணின் உரிமையாக எழுதப்படவில்லை. குற்றவியல் சட்டத்தில் அது இன்னும் குற்றம்தான். மருத்துவர் நல்லெண்ணத்தோடு ஒரு கருத்துக்கு வந்தால் மட்டுமே விலக்கு. ஆக, மனசாட்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய அவசியமே இங்கே இல்லை. 'என் கருத்துப்படி தேவையில்லை' என்றால் முடிந்தது. எழுத்தில் வராத மறுப்பை எந்த நீதிமன்றத்தில் கேள்வி கேட்பீர்கள்?

சாதிச் சமூகத்தில் மனசாட்சி என்ற சொல்லை நாம் கூடுதல் எச்சரிக்கையோடுதான் தொட வேண்டும். தொட மறுத்தவர்கள், தண்ணீர் ஊற்ற மறுத்தவர்கள், முடிவெட்ட மறுத்தவர்கள் யாரும் அதை வெறுப்பு என்று சொன்னதில்லை. தர்மம் என்றார்கள், வழக்கம் என்றார்கள், 'மனசு ஒப்பல' என்றார்கள். அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு தந்த அரசமைப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தைத் தரும்போதே, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கநெறிக்கும் உடல்நலத்துக்கும் உட்பட்டு என்று கட்டிவைத்துத்தான் தருகிறது. உடல்நலம் என்ற சொல் அங்கே இருப்பதை மறந்துவிடக் கூடாது.

அதனால் மருத்துவமனைக்குள் மனசாட்சிக்கே இடமில்லை என்று சொல்லிவிடலாமா? சில தோழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். சம்பளம் வாங்கினால் வேலையைச் செய், இல்லையென்றால் போ என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரே முகாமில், சில மணி நேரத்துக்குள், ஒரே மருத்துவர் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தார். அந்த மாதம் அம்மாவட்ட முகாம்களில் 13 பெண்கள் செத்துப்போனார்கள். எல்லாம் ஏழைப் பெண்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது. அந்த முகாமில் ஒரு செவிலியர் "இதற்கு நான் கருவி எடுத்துத் தர மாட்டேன்" என்று சொல்லியிருந்தால்? அவரை எந்தச் சட்டம் காப்பாற்றியிருக்கும்? பிரசவ மேசையில் கிடக்கும் பெண்ணிடம் கேட்காமலே காப்பர்-டி போடச் சொல்லும்போது மறுக்கும் செவிலியருக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது? அதிகாரத்தின் முன்னால் நின்று மறுக்கும் அந்த மனசாட்சியைத்தான் சட்டம் முதலில் காக்க வேண்டும்.

என் பெரியம்மா ஓர் அரசு மருத்துவமனையில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். லேபர் வார்டின் ரத்தத் துணியும் நஞ்சுக்கொடி வாளியும் அவர் கையில்தான் போகும். ஒருமுறை கையுறை கிழிந்துவிட்டது, வேறு கொடுத்தால்தான் எடுப்பேன் என்றார். "நாளையிலேர்ந்து வராதே" என்றார் சூப்பர்வைசர். மருத்துவக் கழிவைக் கையாள்பவர்களுக்குப் பாதுகாப்புக் கவசம் தர வேண்டும் என்று 2016 கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. பெரியம்மா அன்று வெறுங்கையால் எடுத்தார். அவர் அருவருப்புக்கு ஆன்மிகப் பெயர் கிடையாது. அவர் மறுப்புக்கு விவாத மேடை கிடையாது. ஒரே கட்டடத்தில் ஒருவரின் மறுப்பு மனசாட்சி, இன்னொருவரின் மறுப்பு திமிர். இடையில் இருப்பது சாதிதான்.

ஆகவே, சட்டம் எழுதப்படுமானால் அதன் அடிப்படை எளிது: செயலை மறுக்கலாம், ஆளை மறுக்கக் கூடாது. ஒருவருக்குச் செய்வதை இன்னொருவருக்கு மறுத்தால் அது மனசாட்சி இல்லை, பாகுபாடு. பட்டியல் சாதி, பழங்குடி மக்களை மருத்துவமனைக்குள் நுழையவிடாமல் தடுப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஏற்கெனவே குற்றமாக்கியிருக்கிறது. அதே தர்க்கம் சிகிச்சை அறைக்குள்ளும் வர வேண்டும். மறுப்பவர் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். நோயாளியை உபதேசம் இல்லாமல், தாமதம் இல்லாமல், செய்யக்கூடிய இன்னொருவரிடம் அனுப்ப வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மறுப்பு கிடையாது. மனசாட்சி மனிதருக்குத்தான், கட்டடத்துக்கு இல்லை. எந்த மருத்துவமனையும் ஒட்டுமொத்தமாக மறுக்க முடியாது. சம்மதமில்லாத சிகிச்சையையும் பாதுகாப்பில்லாத வேலையையும் மறுக்கும் செவிலியர், ஆயா, தூய்மைப் பணியாளர், பிணவறை உதவியாளர் யாரையும் வேலையைவிட்டு நீக்கக் கூடாது, ஒப்பந்தப் பணியாளரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்று மாலை வேறொரு மருத்துவரைப் பார்த்தோம். வயதானவர். தோழியிடம் மட்டும் பேசினார். "உனக்கு இதுதான் வேணுமாம்மா?" என்று ஒருமுறை கேட்டார். அவள் ஆமாம் என்றாள். மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாதி கேட்கவில்லை, வீட்டைக் கேட்கவில்லை. அவருக்கும் மனசாட்சி இருந்திருக்கும். அதை அவள்மீது ஏற்றவில்லை, அவ்வளவுதான்.