இன்ஸ்டாவில் போடுறதுக்கு முன்னாடி... ஒரு இளம் ஃபேஷன் டிசைனரின் முதல் குர்தி போகும் பாதை!

சப்யசாச்சி கதையை உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பாங்க. கொல்கத்தாக்காரர். தங்கையிடம் 20,000 ரூபாய் கடன் வாங்கி, மூணே மூணு பேரை வெச்சு 1999-ல் ஆரம்பிச்சார். 2021-ல் அவர் பிராண்டின் 51 சதவிகிதப் பங்கை ஆதித்யா பிர்லா குழுமம் 398 கோடி ரூபாய்க்கு வாங்கியது. மோட்டிவேஷன் ரீல்ஸ் எல்லாம் பின்னணி இசையோடு இங்கேயே முடிஞ்சிடும்.

ரீல்ஸ் சொல்லாத விஷயங்கள் சில உண்டு. கையில் அந்த 20,000 இருந்தபோது அவர் நிஃப்ட் முடிச்சிருந்தார். 20,000-க்கும் 398 கோடிக்கும் நடுவே 22 வருஷம் இருக்கு. அப்போ ஜி.எஸ்.டி கிடையாது. இன்னிக்கு வரைஞ்ச டிசைன் நாளைக்கு இன்னொரு ஊர்ல தைச்சு வர்ற அளவுக்கு இன்டர்நெட் வேகமும் கிடையாது.

அதே 20,000 ரூபாயோட நீங்க இன்னிக்கு ஆரம்பிச்சா என்ன ஆகும்? ஒரே ஒரு குர்தியை எடுத்துக்கிட்டு, அது போற வழியெல்லாம் கூடவே போய்ப் பார்ப்போம்.

விலைச்சீட்டு எழுதும் நேரம்

கைத்தறி காட்டன் குர்தி. யோக்கில் கை எம்ப்ராய்டரி. மோட்டிஃப் நீங்களே வரைஞ்சது: வெட்டின நுங்கோட மூணு கண்ணு. ஃப்ரெண்ட்ஸ் குரூப்பில் போட்டாச்சு, எல்லாரும் ஹார்ட் விட்டாச்சு. இப்போ விலை வைக்கணும்.

துணி இரண்டரை மீட்டர், மீட்டர் 350 வீதம் 875 ரூபாய். லைனிங், நூல், பட்டன் 150. தையல் கூலி 450. எம்ப்ராய்டரி 600. லேபிள், கவர் 75. மொத்தம் 2,150. இது உதாரணக் கணக்குதான், உங்க ஊர்ல, உங்க டெய்லர்கிட்ட மாறும். ஆனா இதில் எது இல்லைன்னு பாருங்க. உங்க சம்பளம் இல்லை. வீணாப்போன ரெண்டு சாம்பிள் இல்லை. போட்டோ எடுத்துக் கொடுத்த ஃப்ரெண்டுக்கு வாங்கித் தந்த பிரியாணிகூட இல்லை.

2,500 ரூபாய்க்கு நேரடியா வித்தா கையில் நிக்கிறது 350. அதையே ஒரு பொட்டிக்கில் வெச்சு, அவங்க 30 சதவிகிதம் எடுத்துக்கிட்டா உங்களுக்கு வர்றது 1,750. அதாவது பீஸுக்கு 400 ரூபாய் நஷ்டம். கடைக்கும் கொடுத்து உங்களுக்கும் 500 ரூபாயாவது நிக்கணும்னா விலை 3,800-ஐத் தொடணும்.

முதலீடு 20,000-ன்னா இப்படி ஒன்பது குர்திதான் தைக்க முடியும். எஸ்-ல் இருந்து டபுள் எக்ஸ்.எல் வரை அஞ்சு சைஸ் போட்டா, ஒரே டிசைனுக்கு ரெண்டு செட்கூட வராது. அதனாலதான் சின்ன பிராண்டுகள் பலரும் ஸ்டாக் வைக்காம, ஆர்டரும் அட்வான்ஸும் வந்த பிறகு தைக்கிறாங்க. ஸ்டைலுக்காக யாரும் 'மேட் டு ஆர்டர்'னு எழுதுறதில்லை. பணம் முடங்கக்கூடாது, அவ்வளவுதான்.

2,500 என்கிற கோடு

இப்போ உங்க குர்தி வரிக்குள் நுழையுது. 2025 செப்டம்பர் 22 முதல் ரெடிமேட் உடைகளுக்கு ஜி.எஸ்.டி மாறியிருக்கு. ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை 5 சதவிகிதம். அதைத் தாண்டினால் 18 சதவிகிதம். இதுக்கு முன்னாடி கோடு 1,000 ரூபாயில் இருந்தது, அதற்கு மேல 12 சதவிகிதம்.

2,500 ரூபாய் குர்தி வரியோடு 2,625. விலையில் ஒரே ஒரு ரூபாய் ஏத்தி 2,501 வெச்சுப் பாருங்க, பில் 2,951. ஒரு ரூபாய் ஏத்தினதுக்கு கஸ்டமர் கொடுக்கிறது 326 ரூபாய் அதிகம்!

இந்த மாற்றத்தில் லாபப்பட்டவங்க உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1,800 ரூபாய் குர்தி முன்னாடி வரியோடு 2,016, இப்போ 1,890. ஆயிரக்கணக்கில் தைச்சு அடக்க விலையைக் குறைக்கத் தெரிஞ்ச பிராண்டுக்கு இது நல்ல செய்தி. உங்க 3,800 ரூபாய் குர்தி மட்டும் 4,256-ல் இருந்து 4,484-க்கு ஏறியிருக்கு. 2,500-க்கு மேல போனா அது வசதிக்காரர் உடுப்புன்னு வரி நினைக்குது. நிஜத்தில் அந்த விலைக்குள்ள இருக்கிறது எம்ப்ராய்டரி போட்டவருக்கும் நெசவாளருக்கும் போன கூலி. இந்தக் கோடு கைவேலைக்குத்தான் வலிக்கும்னு நான் நினைக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. புடவை வரிக் கணக்கில் 'துணி'. தைச்ச உடுப்பில் சேராது. அதனால 30,000 ரூபாய் பட்டுப்புடவைக்கு 5 சதவிகிதம், 3,000 ரூபாய் லெஹங்காவுக்கு 18. புதுசா பிராண்ட் ஆரம்பிக்கிற சிலர் ஏன் குர்தியை விட்டுட்டு புடவை பக்கம் போறாங்கன்னு யோசிச்சா, ரசனையோடு இந்தக் கணக்கும் ஞாபகத்துக்கு வரும். குர்தியையும் பேன்ட்டையும் தனித்தனி பீஸா விலை போட்டு விற்கலாம். ஆனா செட்டாவே விற்கிற ஒண்ணை பில்லில் மட்டும் பிரிக்கிறதா இருந்தா, ஆடிட்டரைக் கேட்காம இறங்காதீங்க.

பெங்களூருக்குப் போகும் பார்சல்

"நான் சின்ன ஆள், எனக்கு எதுக்கு ஜி.எஸ்.டி?" நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்கிறவர், வருஷ விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாத வரை பதிவு செய்யத் தேவையில்லை. பதிவு இல்லைன்னா கஸ்டமரிடம் வரி வாங்கவும் கூடாது. உங்க 3,800, 3,800-ஆவே இருக்கும்.

ஒரு ராத்திரி பெங்களூர்ல இருந்து டி.எம் வருது: "டூ யூ ஷிப் ஹியர்?" சந்தோஷத்தில் 'யெஸ்'னு தட்டிடுவீங்க. அங்கேதான் ஆட்டம் மாறுது. வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்றால், விற்பனை எவ்வளவு சின்னதா இருந்தாலும் பொதுவா ஜி.எஸ்.டி பதிவு கட்டாயம். கைவினைப் பொருள்கள்னு அரசு பட்டியலிட்ட சிலவற்றுக்கு ஒரு வரம்பு வரை விலக்கு உண்டு. உங்க எம்ப்ராய்டரி அதில் வருமான்னு விசாரிச்சுக்கோங்க. இன்ஸ்டாவுக்கு மாநில எல்லை கிடையாது, ஜி.எஸ்.டி-க்கு உண்டு. பதிவு செஞ்சதும் உள்ளூர் கஸ்டமருக்கும் சேர்த்து 18 சதவிகிதம் ஒட்டிக்கும். அந்த ஒரு பெங்களூர் ஆர்டர் அவ்வளவுக்கு மதிப்பானதா, அங்கே இருந்து தொடர்ந்து ஆர்டர் வருமான்னு பார்த்துட்டு 'யெஸ்' சொல்றது பெட்டர்.

நுங்கு யாருடையது?

ரீல் வைரல் ஆயிடுச்சுன்னு வைங்க. மூணு வாரத்தில் அதே மூணு கண்ணு, மெஷின் எம்ப்ராய்டரியில், 799 ரூபாய்க்கு எங்கேயோ விற்குது. கமென்ட்டில் எல்லாரும் "கேஸ் போடுங்க" என்பாங்க. காப்பி அடிக்கிறவங்களை வெளிச்சம் போட்டுக் காட்டுற 'டயட் சப்யா' மாதிரி இன்ஸ்டா பக்கங்களுக்கு டேக் பண்ணலாம், மனசு ஆறும். கோர்ட்டில் என்ன நடக்கும்?

காப்பிரைட் சட்டம் 1957-ல் 15(2)-னு ஒரு பிரிவு இருக்கு. டிசைன் சட்டத்தில் பதிவு செய்யக்கூடிய ஒரு டிசைனை நீங்க பதிவு செய்யலை. அதைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல தயாரிச்சாச்சு. அப்படின்னா அந்த டிசைன் மேல உங்களுக்கு இருந்த காப்பிரைட் போயிடும். திருடினவர் தைச்ச 50 இல்லைங்க, நீங்க தைச்ச 50! உங்க 51-வது பீஸ் மெஷினை விட்டு வெளியே வரும்போது உரிமையும் கூடவே வெளியே போயிடுது.

இது பெரிய பிராண்டுகளையே கடிச்சிருக்கு. ரிது குமார் பிராண்டை நடத்தும் ரிதிகா நிறுவனம், தன் டிசைன்களை நகல் எடுத்ததா பிபா மேல தொடுத்த வழக்கை 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கலை. டிசைன் பதிவு இல்லை, 50-ஐயும் தாண்டியாச்சு, அதனால காப்பிரைட் கேட்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. நகல் எடுத்தாங்களா இல்லையாங்கிற விவாதத்துக்குள்ளேயே போக வேண்டியிருக்கலை. 2025 ஏப்ரலில் ஒரு தொழிற்சாலை வரைபட வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே 15(2)-ஐ விரிவா அலசியிருக்கு. கலைப்படைப்பு எங்கே முடியுது, டிசைன் எங்கே தொடங்குதுன்னு எப்படிப் பார்க்கணும்னு வழி சொல்லியிருக்கு. சுருக்கமா, ஃப்ரேம் போட்டு மாட்டின உங்க நுங்கு ஓவியம் வேற, குர்தியில் வரிசையா தைச்ச நுங்கு வேற.

பதிவுக் கட்டணம் தனிநபருக்கு ஒரு டிசைனுக்கு 1,000 ரூபாய், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். பாதுகாப்பு 10 வருஷம், மேலும் 5 வருஷம் நீட்டிக்கலாம். ஆனா சிக்கல் வேற இடத்தில் இருக்கு. விண்ணப்பிக்கும்போது டிசைன் 'புதுசா' இருக்கணும், அதாவது பொதுவெளியில் ஏற்கெனவே வந்திருக்கக் கூடாது. நீங்க நேத்து போட்ட ரீல்தான் அந்தப் பொதுவெளி! வரைஞ்சதும் போஸ்ட் பண்ற தலைமுறைக்கு இந்தச் சட்டம் நேர் எதிரா நிக்குது.

எல்லா குர்திக்கும் ஓடிப்போய் பதிவு செய்யச் சொல்லலை. ஒரு சீசன் ஓடிட்டுப் போற கட்டுக்கு அது வீண் செலவு. அடுத்த அஞ்சு வருஷம் புடவை, பை, குஷன்னு எதில் போட்டாலும் "இது அவங்களோடது"ன்னு சொல்ல வைக்கப்போற ஒரு மோட்டிஃப் இருந்தா, அதுக்குச் செய்யுங்க. எந்தெந்தப் பொருளில் வரப்போகுதோ அதுக்கேத்த வகுப்பில் தனித்தனியா விண்ணப்பிக்கணும். பிராண்ட் பெயருக்கு டிரேட்மார்க் தனி. உடைகளுக்கு 25-ம் வகுப்பு, தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் 4,500 ரூபாய். கையில் காசு குறைவுன்னா பெயரை முதலில் காப்பாத்துங்க. டிசைன் மாறிக்கிட்டே இருக்கும், பெயரைத் தேடித்தான் கஸ்டமர் திரும்ப வருவாங்க.

நம்ம பக்கமும் கொஞ்சம் பார்க்கணும். 2025 ஜூனில் மிலன் ஷோவில் பிராடா காட்டின செருப்பு அச்சு அசல் கோலாப்பூரி மாதிரி இருந்ததும், இந்தியாவே கொந்தளிச்சதும், அப்புறம் பிராடா அதை ஒப்புக்கிட்டதும் ஞாபகம் இருக்கும். கோலாப்பூரிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. நம்ம மதுரைச் சுங்குடிக்கும் நீலகிரி தோடர் எம்ப்ராய்டரிக்கும் அதே குறியீடு உண்டு. மெஷின் பிரின்ட் துணியில் புள்ளி வெச்சு 'சுங்குடி கலெக்‌ஷன்'னு கேப்ஷன் போட்டா, நாம செய்றதும் அதே வேலைதான்.

அப்போ எங்கே ஆரம்பிக்கிறது?

படிப்பைப் பத்தி ரெண்டே வரி. தரமணியில் இருக்கிற சென்னை நிஃப்ட்டில் நாலு வருஷ பி.டெஸ் படிக்க ப்ளஸ் டூவில் எந்த க்ரூப்பா இருந்தாலும் பரவாயில்லை, நுழைவுத் தேர்வு உண்டு. வேறு எந்தக் கல்லூரியா இருந்தாலும் லேபில் எத்தனை தையல் மெஷின் நிஜமா ஓடுதுன்னு நேரில் போய்ப் பார்த்துட்டு ஃபீஸ் கட்டுங்க.

படிச்சு முடிச்சதும் நேரா சொந்த பிராண்டா? ராகுல் மிஸ்ரா பேரைச் சொல்லுவீங்க. கான்பூர் பக்கத்து கிராமத்தில் பிறந்து, பிசிக்ஸ் படிச்சு, அப்புறம் அகமதாபாத் என்.ஐ.டி போனவர். 2006-ல் லக்மே ஃபேஷன் வீக்கின் புதுமுக மேடை, 2014-ல் வுல்மார்க் விருது, 2020-ல் பாரிஸ் ஹாட் கூச்சர் மேடை. ஒவ்வொண்ணுக்கும் நடுவே எத்தனை வருஷம்னு கூட்டிப் பாருங்க. அந்த வருஷங்களில் வாடகை யாராவது கட்டியாகணும்.

நம்ம ஊர்ல அந்த வாடகையைக் கட்டுறது பெரும்பாலும் கல்யாண ஆரி பிளவுஸ்தான். துணி கஸ்டமருடையது, அட்வான்ஸ் முன்னாடியே வந்திடும், ஸ்டாக் தேங்காது. கல்லூரியில் இதை யாரும் கௌரவமா பேசுறதில்லை. ஆனா மேலே போட்ட குர்தி கணக்கோடு வெச்சுப் பார்த்தா, இதைவிடப் பாதுகாப்பான ஆரம்பம் எனக்குத் தெரியலை. ஏ.ஐ-யில் செஞ்ச படத்தைக் கொண்டுவந்து "இதே மாதிரி வேணும்"னு கேட்கிற மணப்பெண்ணுக்கு, எது தையலில் வரும், எது வராதுன்னு சொல்லத் தெரிஞ்சவருக்குத்தான் இனி மவுசு.

இன்னொரு வாசல் திருப்பூர். 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருள்கள் மேல அமெரிக்க வரி 50 சதவிகிதம் ஆனபோது, அங்கே ஆர்டர்கள் நின்னு போய் எல்லாரும் தவிச்சாங்க. பையர் ஆர்டர் நின்னா முதலில் நிக்கிறது புது சாம்பிள்கள்தான், அதாவது டிசைனர் வேலை. அதனால சேரும் முன் ஒரு கேள்வி கேளுங்க: உங்க பையர்கள் எந்தெந்த நாடு? ஒரே நாட்டை மட்டும் நம்பின கம்பெனியா, ஐரோப்பா, பிரிட்டன், உள்நாட்டு பிராண்டுன்னு பிரிச்சு வெச்ச கம்பெனியா?

அங்கே வேலைப் பெயர் மெர்ச்சண்டைசர்னு இருந்தா முகம் சுளிக்காதீங்க. ஜி.எஸ்.எம், டெக் பேக், ஒரு பீஸுக்கு எவ்வளவு துணி, கழுத்தளவு அரை சென்டிமீட்டர் தப்பினா என்ன ஆகும்னு எல்லாமே பையரின் கோபமான மெயில் மூலமா கத்துக்கலாம், அதுவும் மாசச் சம்பளத்தோடு. 2,150 ரூபாய் குர்தியை 1,700-க்குக் கொண்டு வர வழி அந்த மாஸ்டர்களுக்குத்தான் தெரியும். இன்டர்வியூவில் போர்ட்ஃபோலியோவைக் காட்டி முடிச்சதும், "சாம்ப்ளிங் செக்‌ஷன்ல, கட்டிங் மாஸ்டர் பக்கத்துல ஆறு மாசம் உட்கார இடம் கிடைக்குமா சார்?"னு கேட்டுப் பாருங்க.